நாகஸ்வர இசைத்தட்டைக் கணினிக்கு ஏற்றுவது: முதலில் சுருதி, இரைச்சல் அப்புறம்

யூடியூபில் கிடக்கும் பழைய நாகஸ்வரத் தட்டுகளைக் கேட்டால் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வரும். பாரி நாயனம் (நீளமான, தாழ்ந்த சுருதி நாகஸ்வரம்) திமிரி (குட்டையான, உயர்ந்த சுருதி நாகஸ்வரம்) மாதிரி கீச்சிடும். மேல்ஸ்தாயிப் பிடிகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும். தவில் உண்டு என்று லேபிள் சொல்லும், காது சொல்லாது. மூன்றுமே பெரும்பாலும் தட்டின் குற்றம் அல்ல. வேகத்தைப் பார்க்காமல் ஓட்டியது, பிற்கால வினைல் தட்டான எல்.பி.க்கு உள்ள சமன்பாட்டில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சரிக்கட்டும் ஈக்வலைசேஷன்) ஏற்றியது, இரைச்சலை ஒழிக்கிறேன் என்று வாசிப்பையும் சேர்த்து ஒழித்தது, இவைதான் காரணம்.

ராக் இசை ரசிகர்கள் நல்ல மறுபதிப்பு கேட்டு ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு: மூல டேப் எங்கோ இருக்கும். 2002-இல் வந்த ரஷ் குழுவின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பம் சத்தத்தை நெருக்கிக் கெடுக்கப்பட்டது என்று எல்லோரும் சொன்னபோது, 2013-இல் தனித்தனி டிராக்குகளிலிருந்து புதிதாகக் கலந்து வெளியிட முடிந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் நம் 78 ஆர்.பி.எம். தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வழி கிடையாது. அவை டேப் வருமுன்பே நேராக மெழுகில் வெட்டியவை. திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டுதான் மாஸ்டர். அதை ஒருமுறை ஒழுங்காகக் கணினிக்கு ஏற்றிவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் நல்ல மறுபதிப்பு செய்யலாம். ஏற்றுவதிலேயே கெட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

தட்டைக் கையில் எடுத்ததும்

டெல்டாவில் கிடைக்கும் நாகஸ்வரத் தட்டுகளில் நிறைய சவுண்டு சர்வீஸ்காரர்களிடமிருந்து வந்தவை. கல்யாணத்துக்குக் கல்யாணம் மைக்செட்டில் ஓடியவை. அவற்றில் முதல் அரை அங்குலம் அதிகமாகத் தேய்ந்திருக்கும், கீர்த்தனை உச்சத்துக்குப் போகும் இடங்கள் சாம்பல் பூத்திருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். எஃகு ஊசி தேய்த்த இடம் பள்ளத்தின் ஒரு மட்டத்தில்தான் இருக்கும். வேறு அளவு முள்ளை வைத்தால் தேயாத மட்டத்தைத் தொடலாம்.

முதலில் தட்டு எதனால் ஆனது என்று பாருங்கள். கனமாக இருந்தால், விளிம்பை நகத்தால் தட்டினால் ‘டிங்’ என்றால், அது அரக்குத் தட்டு. வளைந்து கொடுத்தால் வினைல். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: அலுமினியத் தகட்டின்மேல் கறுப்புப் பூச்சு பூசிய தனிப்பதிவுத் தட்டு. அதன்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ பூச்சு செதில் செதிலாக வெடித்திருந்தாலோ கழுவவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். ஆவணக் காப்பகம் எதிலாவது கொடுத்துவிடுவதே நல்லது.

அரக்குத் தட்டில் ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கொலோன், மண்ணெண்ணெய் எதுவும் படக்கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரையும், தட்டின் பளபளப்போடு பாட்டும் போகும். வினைல் எல்.பி.க்கு நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் சேர்க்கலாம். இந்தக் கலவையை ஒரே பாட்டிலில் வைத்துக்கொண்டு எல்லாத் தட்டுக்கும் தெளிப்பவர்கள்தான் அதிகம் தட்டைக் கெடுக்கிறார்கள்.

கழுவ வேண்டியவை: பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் 1 லிட்டர், வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் 5 சொட்டு, குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கி, பஞ்சு உதிராத பழைய வேட்டித் துணி இரண்டு. குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம், உப்பு பள்ளத்துக்குள்ளேயே தங்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உள்ளவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பூஞ்சணம் படிந்த தட்டானால் வாசலுக்கு எடுத்துப்போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் முதலில் தட்டிவிடுங்கள். பிறகு லேபிளை உள்ளங்கையளவு மூடியால் அழுத்தி மூடிக்கொண்டு, பள்ளம் ஓடும் திசையிலேயே, வட்டமாக, தூரிகையை ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் முழுவதும் போகச் சுத்தமான டிஸ்டில்ட் வாட்டரில் இருமுறை அலசுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். அரக்கோடு கலந்திருக்கும் நிரப்புப் பொருள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும் என்பதால் ஊறவைக்கக் கூடாது. விளிம்பில் விரிசல் விட்டு உள்ளே காகித அடுக்கு தெரிந்தால் ஈரத் துணியால் ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிழலில், செங்குத்தாக, பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தாங்கியில் நிறுத்தி மின்விசிறியில் ஒரு மணி நேரம் காயட்டும். வெயிலில் வைத்தால் வளையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு மணி நேரம் ஆனாலும் பள்ளத்தில் ஈரம் நிற்கும். அந்த மாதங்களில் கழுவும் வேலையைத் தள்ளிப்போட்டு, தைக்குப் பிறகு வைத்துக்கொள்வது உத்தமம். ஆனால் தையில் அறுவடைத் தூசி பறக்கும் ஊரானால் சன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.

கருவிகள்

கைச்சாவி கிராமபோனில் இந்தத் தட்டுகளை ஓட்டிப் பதிவுசெய்வது அழகாக இருக்கலாம், ஆனால் அதன் ஊசி தட்டின்மேல் நூறு கிராமுக்கு மேல் அழுத்துகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பள்ளம் செதுக்கப்படும். காட்சிக்கு வேறு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

78 வேகமும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள டர்ன்டேபிள் வேண்டும். ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.120 எக்ஸ் இதற்குப் பொருந்தும். 33, 45, 78 மூன்றும் உண்டு, வேகத்தை 8 அல்லது 16 சதவீதம் வரை மாற்றலாம். அதோடு வரும் கார்ட்ரிட்ஜின் (முள்ளைத் தாங்கும் பகுதி) முள் எல்.பி.க்கானது. அதை 78-இன் அகலப் பள்ளத்தில் வைத்தால் அடியில் உட்கார்ந்து மண்ணைத்தான் வாசிக்கும், முள்ளும் பாழாகும். அதே கார்ட்ரிட்ஜ் உடலில் முன்பகுதியை மட்டும் கழற்றி வி.எம்.என்.95.எஸ்.பி. என்ற 78-க்கான முள்ளை மாட்டலாம். இதன் நுனி ஆரம் 3 மில், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. மறந்துபோய் இந்த முள்ளோடு எல்.பி.யை ஓட்டினால் எல்.பி. போய்விடும். முள் மாற்றியதும் டர்ன்டேபிள் மூடியில் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

இந்த முள்ளுக்கு 5 கிராம் எடை. பல டர்ன்டேபிள்களின் எடை வளைய அளவுகோல் அதுவரை போகாது. வளையத்தை அளவுகோலைத் தாண்டித் திருப்பி, 0.01 கிராம் காட்டும் சிறு நகைத் தராசில் முள்ளை இறக்கிச் சரிபாருங்கள். தராசின் மேற்பரப்பு தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும், உயர்ந்தால் அளவு மாறும். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று 2 கிராமில் ஓட்டுபவர்கள் உண்டு. முள் பள்ளத்தில் உட்காராமல் துள்ளும், தவில் உரத்து விழும் இடங்களில் கரகரக்கும், துள்ளித் துள்ளி அதுதான் சுவரை உடைக்கும்.

தேய்ந்த தட்டு நிறைய உள்ளவர்கள் 2.5 மில், 3.5 மில் முட்களையும் வாங்கிவைக்கலாம். ஒரே பகுதியை மூன்றாலும் இருபது வினாடி ஓட்டி, எதில் கரகரப்பு குறைவோ அதைக்கொண்டு முழுப் பக்கத்தையும் பதியுங்கள். எந்த மென்பொருளும் இந்த ஒரு வேலைக்கு ஈடாகாது.

கணினிக்கு, டர்ன்டேபிளின் யு.எஸ்.பி. வழியை விடுங்கள். அது 16 பிட்டோடு நிற்கும். லைன் அவுட்டிலிருந்து தனி ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்து 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், ஸ்டீரியோவாகப் பதியுங்கள். ஒலிக் காப்பகங்கள் பின்பற்றும் அளவு இது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்.பி., மூன்றரை நிமிடப் பக்கம் 120 எம்.பி. உச்ச அளவு மைனஸ் 6 டி.பி.க்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். முள் இறங்கும் ‘டொப்’பும் கீறல் சத்தமும் நாகஸ்வரத்தைவிட உயரும், அவை உச்சத்தை முட்டினாலும் கவலையில்லை, வாசிப்பு முட்டக்கூடாது.

பதியும்போது

மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் உறுமலில் பெரும்பகுதி அதிலேயே போகும். டர்ன்டேபிளின் எர்த் கம்பியை இன்டர்ஃபேஸின் உலோக உடலிலோ ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகிலோ இணையுங்கள். அப்படியும் உறுமல் போகவில்லையென்றால் வீட்டு எர்த் குழியைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் அது காய்ந்து கிடக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் பல வீடுகளில் தீர்ந்துவிடும். பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பதிவு வேண்டாம். பக்கத்து வயல் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஒரு ‘டக்’ பதிவில் விழும், அது தட்டின் கீறலா மின்சாரமா என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மலிவு இன்வெர்ட்டரும் வேண்டாம், அதன் சதுர அலை ஒரு ரீங்காரத்தைச் சேர்க்கும். மேலே மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் முள் இறங்குவதிலிருந்து கடைசி வெற்றுக் கோடு வரை விடாமல் பதியுங்கள். தொடக்கத்தில் வாசிப்பு வருமுன் உள்ள இரண்டு வினாடி வெற்றுச் சத்தம் பிறகு தேவைப்படும். அதை வெட்டி எறிந்துவிட்டு, அப்புறம் இரைச்சல் மாதிரிக்கு அலைபவர்கள் உண்டு.

ஓட்டும்போது டர்ன்டேபிளின் கை பக்கவாட்டில் ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் துளை நடுவில் இல்லை. நீண்ட கார்வை வரும்போது சுருதி முக்கால் வினாடிக்கு ஒருமுறை அலையும். நாகஸ்வரத்தில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். துளையை அரத்தால் ராவ வேண்டாம். ரப்பர் விரிப்புகளை அடுக்கி, நடுக்கம்பியின் நுனி துளைக்குக் கீழே போகும்வரை தட்டை உயர்த்துங்கள். கையின் உயரத்தையும் அதே அளவு ஏற்றி, தட்டை விரலால் ஒரு மயிரிழை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஆட்டம் நின்ற இடத்தில் பதியுங்கள்.

கச்சாப் பதிவு என்பது இதுதான். இதில் எதையும் செய்யாமல் பிரதி எடுத்து வைத்துவிட்டு, மற்ற வேலைகளைப் பிரதியில்தான் செய்ய வேண்டும்.

இடது சுவர், வலது சுவர்

78 தட்டு மோனோ. ஆனால் ஸ்டீரியோவில் பதிந்தால் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் இரண்டு சேனல்களாகக் கிடைக்கும். சேனல் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று சுத்தமாகவும் மற்றது கரகரவென்றும் இருந்தால் சுத்தமானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சேர்த்து மோனோ ஆக்குங்கள். முள் மேலும் கீழும் துள்ளுவதால் வந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். முதலிலேயே மோனோவில் பதிந்துவிட்டவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது.

கீறல் சத்தமும் தவிலும்

இங்கேதான் நாகஸ்வரத் தட்டுகள் பெருமளவில் நாசமாகின்றன. கீறல் நீக்கும் மென்பொருள் எதைத் தேடுகிறது? திடீரென்று எழுந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் அடங்கும் கூர்மையை. தவிலின் வலந்தலையில் கூடு (விரலில் மாட்டும் கெட்டியான உறை) போட்ட விரல் விழும்போது எழுவதும் ஏறக்குறைய அதேதான். பாட்டுக் கச்சேரித் தட்டில் மிருதங்கம் கொஞ்சம் தப்பிக்கும், தவில் தப்பாது. முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்துக் கீறல் நீக்கியை ஓட்டினால் பரன் (தாளச் சொற்கோவை) எல்லாம் மழுங்கி, தவில் எங்கோ அடுத்த தெருவில் கேட்கும். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற ஒருவர் வாசித்த தட்டில் இதைச் செய்வது பாவம்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிராக்கைப் பிரதி எடுத்து, ஒன்றில் மட்டும் கீறல் நீக்கியை ஓட்டி, மற்றதைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எது நீக்கப்பட்டதோ அது மட்டும் கேட்கும். அதில் வெறும் ‘டிக் டிக்’ இருந்தால் சரி. தாளம் கேட்டால் அளவு மீறிவிட்டது.

தவில் இல்லாத ஆலாபனைப் பகுதிகளில் மட்டும் தானியங்கி நீக்கியைப் பயன்படுத்துங்கள். தவில் வரும் இடங்களில் கையால்தான். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கீறலை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுத்தால் 128 சாம்பிள் வரை சரிசெய்யும். விரிசல் விட்ட தட்டானால் சுற்றுக்கு ஒரு ‘டக்’, அதாவது 0.77 வினாடிக்கு ஒன்று சரியான இடைவெளியில் வரும். மூன்று நிமிடப் பக்கத்தில் 234 இடம். அலுப்பான வேலைதான், ஆனால் எங்கே வரும் என்று தெரிவதால் ஒரு மாலையில் முடியும்.

சமன்பாடு

டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபையர் 1954-இல் எல்.பி.க்கு நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் போடும். அது 78-க்குப் பொருந்தாது. தவிலின் தொப்பி (தாழ்ந்த நாதம் தரும் பக்கம்) குடம் உருட்டும், நாகஸ்வரம் போர்வை போர்த்தியிருக்கும். எச்.எம்.வி., கொலம்பியா வகையறா மின்பதிவுத் தட்டுகளுக்கு 250 ஹெர்ட்ஸில் திரும்பி, மேலே நேராகப் போகும் வளைவைத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆர்.ஐ.ஏ.ஏ. வழியாக 78 வேகத்திலேயே பதிந்ததை அதற்கு மாற்ற, ஃபில்டர் கர்வ் ஈக்யூவில் இந்தப் புள்ளிகளை வையுங்கள்: 50 ஹெர்ட்ஸில் மைனஸ் 3 டி.பி., 100-இல் மைனஸ் 5, 200-இல் மைனஸ் 4.5, 500-இல் மைனஸ் 2, 1,000-இல் பூஜ்யம், 2,000-இல் பிளஸ் 2.5, 5,000-இல் பிளஸ் 8, 10,000-இல் பிளஸ் 13.5.

போட்டதும் இரைச்சல் சீறும். பயப்பட வேண்டாம். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்தத் தட்டுகளில் வாசிப்பு பெரிதாக இல்லை, அங்கிருந்து மெல்லச் சரியவிடுங்கள். 5,000-இலேயே வெட்டினால் சீவாளியின் காற்று போய், குழலா நாகஸ்வரமா என்று சந்தேகம் வரும். கீழே 40 ஹெர்ட்ஸுக்குக் குறைந்ததை வெட்டலாம், அதற்கு மேல் கைவைத்தால் தொப்பி வற்றிவிடும். டர்ன்டேபிளில் 78 இல்லாமல் 45-இல் ஓட்டிப் பதிபவர்கள் இந்த எண்களை அப்படியே போடக்கூடாது, வேகம் மாறும்போது வளைவும் இடம்பெயரும். அவர்கள் ஆர்.ஐ.ஏ.ஏ.யை முழுக்கத் திருப்பிக் கழித்து, வேகத்தை 1.733 மடங்கு ஆக்கி, அதன்பிறகு 250 ஹெர்ட்ஸ் வளைவைப் போட வேண்டும்.

சுருதி

78 என்று லேபிளில் அச்சடித்திருப்பது ஒரு நம்பிக்கைதான். வெட்டிய இயந்திரம் 76-இல் ஓடியிருக்கலாம், 80-இல் ஓடியிருக்கலாம். 78-க்கும் 80-க்கும் வித்தியாசம் 44 சென்ட் (அரைக்கட்டைக்கு 100 சென்ட்), ஏறக்குறைய அரைக்கட்டையில் பாதி. 4.6 சுற்று வித்தியாசம் வந்தால் முழு அரைக்கட்டை, அதாவது 2 கட்டை 2½ கட்டையாகிவிடும்.

நாகஸ்வரத்தில் இது வெறும் எண் அல்ல. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) திமிரியின் உயர்ந்த சுருதியை விட்டு, நீளமான பாரி நாயனத்துக்கு வந்தவர். அதற்கேற்ற கருவியை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்தார். அந்த முயற்சியின் பலனே அவர் வாசிப்பின் அகலமும் கனமும். தட்டை வேகமாக ஓட்டி ஏற்றுபவர் அந்தக் கருவியையே மாற்றிவிடுகிறார்.

முதலில் டர்ன்டேபிளின் வேகம் சரியா என்று பாருங்கள். 77 கோடுகள் உள்ள ஸ்ட்ரோபோஸ்கோப் தாளை அச்சடித்துத் தட்டின்மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் கீழே சுற்றவிட்டால், 77.92 சுற்றில் கோடுகள் நின்றதுபோல் தெரியும். எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் தெரியாது, சோக் வைத்த பழைய டியூப்லைட் வேண்டும்.

பிறகு ஒத்து (சட்ஜத்தை விடாமல் ஊதும் துணைக்கருவி) மட்டும் கேட்கும் ஓர் இடத்தை, தொடக்கத்தில் அல்லது மூச்சு வாங்கும் இடைவெளியில், தேடிப் பிடியுங்கள். கைப்பேசித் தம்புரா செயலியை அதோடு ஓடவிட்டு, அலைவு நிற்கும்வரை சென்ட் கணக்கில் நகர்த்துங்கள். ஒத்தின் சட்ஜம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரிந்துவிடும். ஒப்பிட: 2 கட்டை 293.7, 2½ கட்டை 311.1, 3 கட்டை 329.6, 4 கட்டை 349.2, 4½ கட்டை 370. ஸ்தாயி வேறாகக் காட்டினால் இரட்டித்தோ பாதியாக்கியோ பாருங்கள்.

அளந்தது 319 என்று வைத்துக்கொள்வோம். 2½ கட்டைக்கு இழுக்க 311-ஐ 319-ஆல் வகுத்தால் 0.975, அதாவது வேகத்தில் 2.5 சதவீதம் குறைக்க வேண்டும். ஆனால் உடனே குறைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து நாகஸ்வரம் ஹார்மோனியத்துக்குப் பிறந்தது அல்ல, ஆசாரி கடைந்த நீளம்தான் அதன் சுருதி. 319 என்பதே உண்மையாகவும் இருக்கலாம். முடிவுசெய்யச் சாட்சிகள் தேவை. தட்டின் இரு பக்கமும் ஒரே அமர்வில் வாசித்ததானால் ஒத்து ஒன்றாக இருக்க வேண்டும். வெற்றுக் கோடுகளுக்கு அருகே பொறித்த மேட்ரிக்ஸ் எண்கள் அடுத்தடுத்து வரும் தட்டுகள் கிடைத்தால் அவற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். ஒரே ராக ஆலாபனை இரண்டாம் பக்கத்தில் தொடர்ந்தால், முதல் பக்கத்தின் முடிவும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கமும் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்துக்குள்ளேயே தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் அளந்து பாருங்கள். வெட்டிய இயந்திரம் தளர்ந்திருந்தால் சுருதி சறுக்கும், அப்போது மொத்தமாக ஒரே சதவீதம் போட்டுப் பயனில்லை, பகுதி பகுதியாகத்தான் திருத்த வேண்டும்.

இதில் டெல்டாவில் இருப்பது பெரிய வசதி. பதிவை மூன்று வேகத்தில் தயார்செய்து, எது எந்த வேகம் என்று சொல்லாமல், பழைய கருவி வாசித்துப் பழகிய ஒரு நாகஸ்வர வித்துவானிடம் போட்டுக் காட்டுங்கள். சீவாளியில் காற்று பிடிக்கும் விதம், பிருகா இறங்கும் வேகம், அசையும் கார்வையின் நீளம் இவற்றை வைத்து ‘இது மனுஷன் வாசிக்கிற வேகம் இல்லை’ என்று ஒன்றைத் தள்ளிவிடுவார். ஸ்பெக்ட்ரம் படம் இதைச் சொல்லாது.

மாற்றும்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை காலப்பிரமாணத்தைத் தவறாகவே விட்டுவிடும், கார்வைகளில் உலோக ரீங்காரமும் சேரும். இறுதியாக எத்தனை சதவீதம் மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

இரைச்சல்

கடைசி வேலை, முடிந்தால் செய்யாமலே விடக்கூடிய வேலை. தொடக்க வெற்றுக் கோட்டிலிருந்து மாதிரி எடுத்து, குறைப்பை 4 முதல் 6 டி.பி.க்குள் நிறுத்துங்கள். 12 டி.பி. வரை போவது இந்தத் தட்டுகளுக்கு அதிகம். ‘ரெசிட்யூ’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீக்கப்படுவது மட்டும் கேட்கும். அதில் ராகம் அடையாளம் தெரிந்தால், ராகத்தை எடுத்துக் குப்பையில் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அரக்குத் தட்டுக்கு ஓர் இரைச்சல் உண்டு. இரண்டு நிமிடத்தில் காது அதைத் தள்ளிவைத்துவிடும். குழைந்த மேல்ஸ்தாயியை எந்தக் காதும் தள்ளிவைக்காது.

உச்சத்தை மைனஸ் 1 டி.பி.க்குக் கொண்டுவந்தால் போதும், உச்சங்களை அழுத்தி மொத்தச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டர் வேண்டாம். 1997-இல் இக்கி பாப் தன் 1973 ஆல்பமான ‘ரா பவர்’-ஐ உரக்கக் கலந்து வெளியிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டதை ராக் ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அங்கே 2010-இல் பழைய கலவையையே மறுபடி விற்றார்கள்.

வைப்பதும் வெளியிடுவதும்

ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கோப்பு: தொடாத கச்சா, வேகமும் சமன்பாடும் மட்டும் திருத்தியது, கேட்பதற்குத் தயாரானது. மூன்றும் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலிக்கோப்பு வகை). கோப்பின் பெயரில் கம்பெனி, தட்டு எண், பக்கம் வரட்டும். கூடவே ஓர் எழுத்துக் கோப்பில் மேட்ரிக்ஸ் எண், முள் அளவு, எடை, எந்தச் சுவர், வேகச் சதவீதம். லேபிளையும் பழைய உறையையும் படம் எடுங்கள். உறையில் அச்சான கடை முகவரி பிற்காலத்தில் யாருக்காவது உதவும். பூஞ்சணம் பிடித்த பழைய உறைக்குள் கழுவிய தட்டைத் திரும்பப் போடக்கூடாது, புது உறை போட்டு, செங்குத்தாக, தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்த அலமாரியில் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு உலர்ந்த வசம்பு போதும். வன்தட்டுப் பிரதிகள் இரண்டு, ஒன்று வேறு ஊரில். கொள்ளிடம் பெருகும் ஆண்டில் ஒரே தெருவில் இரண்டு பிரதி வைத்துப் புண்ணியமில்லை.

இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வெளியான தட்டுக்கு 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ராஜரத்தினம் பிள்ளை இருந்த காலத்தில் வெளிவந்த 78 தட்டுகள் எல்லாம் இந்த எல்லைக்கு வெளியே வந்துவிட்டன, பொதுவில் ஏற்றலாம். அவர் வாசிப்பே ஆனாலும் பிற்காலத்தில் முதன்முறையாகக் கேசட்டிலோ சி.டி.யிலோ வெளியான கச்சேரி வேறு கணக்கு. சினிமாப் பாட்டை நாகஸ்வரத்தில் வாசித்த தட்டானால் மெட்டமைத்தவரின் உரிமை தனியாக ஓடும், அது அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. பொதுவில் ஏற்றும்போது தயாரான கோப்பை மட்டும் போடாமல், கச்சாவையும் எழுத்துக் கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். சுருதி 319-ஆ 311-ஆ என்று உங்களோடு உடன்படாதவர் தானே திருத்திக்கொள்ள அது வேண்டும்.